சம்மட்டியை ஓங்கும் முன்: பழைய வீட்டு வார்ப்பிரும்பை அறிவது எப்படி?

கிராஞ்சியில் பழைய இரும்பு வாங்கும் ஒரு கிடங்குக்கு அண்மையில் போயிருந்தேன். வாசலிலேயே ஒரு சுழற்படிக்கட்டு கிடந்தது. படிக்கட்டு என்பதைவிடப் படிக்கட்டாக இருந்தது என்று சொல்லலாம். பூவேலை செய்த பதினோரு படிகளில் ஒன்றுகூட முழுதாக இல்லை. "கேஸ் வைத்து வெட்டிப் பார்த்தோம், வெட்டுப்படவே இல்லை. அப்புறம் சம்மட்டிதான்" என்றார் லாரியில் வந்தவர். அவருக்கு இழப்பு ஒன்றுமில்லை. முழுப் படியும் உடைந்த படியும் தராசில் ஒரே எடைதான்.

உடைந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். சாம்பல் நிறம், சர்க்கரைக்கட்டியை உடைத்ததுபோல் பொடிப்பொடியான மணிகள். அது வார்ப்பிரும்பு. ஐந்து நிமிடம் செலவழித்து முன்பே அதை அறிந்திருந்தால் ஒரு ஸ்பானரும் துருநீக்கி எண்ணெயும் போதும், பதினோரு படிகளும் தப்பியிருக்கும்.

சிராங்கூன் சாலைக்குப் பக்கவாட்டில் உள்ள தெருக்களில் கடைவீடுகளின் பின்சந்துக்குள் நடந்து பாருங்கள். பின்சுவரை ஒட்டிச் சுழன்று ஏறும் படிக்கட்டுகள் இன்னும் நிற்கின்றன. சில சிமெண்டால் ஆனவை, சில இரும்பால் ஆனவை. மலவாளி எடுக்க வருவோர் பயன்படுத்திய பின்சந்துகள் இவை. சிங்கப்பூரில் அந்த வேலை முற்றாக நின்றது 1987இல்தான். வீட்டைப் புதுப்பிக்கும்போது 'பழைய துருப்பிடித்த இரும்பு' என்று முதலில் கழிக்கப்படுபவையும் இவைதான்.

எல்லா இரும்பும் ஒன்றல்ல. வார்ப்பிரும்பில் 2 முதல் 4 விழுக்காடு கரிமம் இருக்கிறது. சாதாரணக் கட்டுமான எஃகில் அது கால் விழுக்காடு அளவே. வார்ப்பிரும்பு ஆறும்போது மிகுதிக் கரிமம் மெல்லிய கிராஃபைட் செதில்களாக உள்ளே பிரிந்து நிற்கும். ஒவ்வொரு செதிலும் ஏற்கெனவே இருக்கும் ஒரு குட்டி விரிசல் மாதிரி. மேலிருந்து அழுத்தினால் கவலையில்லை, தாங்கும். இழுத்தாலும் வளைத்தாலும் அடித்தாலும் செதிலிலிருந்து செதிலுக்கு விரிசல் ஓடி, எஃகைப்போல் வளையாமல் பட்டென்று உடையும்.

கேஸ் வெட்டு ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. எஃகை வெட்டும்போது உண்மையில் நாம் அதை ஆக்சிஜனில் எரிக்கிறோம். உண்டாகும் இரும்பு ஆக்சைடு, எஃகு உருகுவதற்கு முன்பே உருகி வழிந்துவிடும். வார்ப்பிரும்போ ஏறத்தாழ 1,150 முதல் 1,200 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடுகிறது. ஆக்சைடு உருக அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும். அதனால் வெட்டு சுத்தமாக விழாமல் இரும்பு குழம்பாகிறது. வேலையாள் பொறுமை இழந்து சம்மட்டியைத் தேடுகிறார்.

சரி, உங்கள் வீட்டில் இருப்பது எது? முதலில் கண்ணால் பாருங்கள். வார்ப்பிரும்பு அச்சில் ஊற்றப்பட்டது. அதனால் ஒரே பூ எல்லாப் படியிலும் அச்சுமாறாமல் வரும். அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஓடும். துண்டுகள் போல்ட் போட்டு இணைந்திருக்கும். தேனிரும்பு கொல்லர் அடித்து வளைத்தது. சுருள்களின் நுனி மெலிந்திருக்கும், இரண்டு சுருள்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் இரா, தறையாணியோ பட்டையோ போட்டுப் பிடித்திருக்கும். தெலுக் ஆயர் தெருவின் தியான் ஹோக் கெங் கோவிலில் கிளாஸ்கோவிலிருந்து வந்த தேனிரும்புக் கதவுகளைப் பார்த்தால் வேறுபாடு புரியும். பற்றவைத்த தடம் தெரிந்தால் பெரும்பாலும் எஃகு, அல்லது யாரோ பின்னால் செய்த ஒட்டுவேலை.

காந்தம் மூன்றிலும் ஒட்டும். ஆனாலும் பையில் ஒன்று இருக்கட்டும். பழையது மாதிரி வார்த்து விற்கும் அலுமினியத்தில் ஒட்டாது, அவ்வளவுதான் அதன் பயன்.

அடுத்தது ஒலி. மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டினால் எஃகு நீண்டு ஒலிக்கும். வார்ப்பிரும்பில் கிராஃபைட் அதிர்வை விழுங்கிவிடுவதால் ஓசை சீக்கிரம் அடங்கும். வரிசையாக எல்லாப் படிகளையும் தட்டுங்கள். ஒன்று மட்டும் பொத்தென்று கேட்டால் அதில் விரிசல் இருக்கலாம். இன்னும் ஐயமா? கண்ணில் படாத ஓரிடத்தில் சிறு துளை போடச் சொல்லுங்கள். எஃகு சுருள்சுருளாக வரும். வார்ப்பிரும்பு பென்சில் தூள் மாதிரி கறுத்த பொடியாக உதிரும். இதைவிட நம்பகமான எளிய சோதனை எனக்குத் தெரியவில்லை. படியின் அடிப்பக்கத்தையும் தூணின் அடியையும் துடைத்துப் பாருங்கள், வார்ப்பாலையின் பெயர் கிடைத்தாலும் கிடைக்கும்.

நம் ஊரின் கடற்காற்றும் ஈரமும் ஒரு மோசமான வேலை செய்கின்றன. நீர் தேங்கும் இடத்தில் இரும்பு மட்டும் கரைந்துபோய், கிராஃபைட் எலும்புக்கூடு அதே வடிவத்தில் நின்றுவிடும். பூவேலை அப்படியே இருக்கும், சாயம்கூட உரிந்திராது. பேனாக்கத்தியை வைத்தால் சாக்பீஸ்போல் இறங்கும். படிக்கட்டின் அடித்தட்டிலும் சுவரில் புதைந்த முனைகளிலும் கத்தியால் குத்திப் பார்க்காமல் யாரையும் ஏறவிடாதீர்கள்.

பிரித்தெடுப்பதைப் பற்றி அஞ்ச வேண்டாம். இவை பெட்டியில் அடுக்கிக் கப்பலில் அனுப்பி, வந்த இடத்தில் பூட்டுவதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. பெரிய சான்று லாவ் பா சாட். கிளாஸ்கோவின் வால்டர் மெக்ஃபார்லேன் நிறுவனத்தின் வார்ப்பிரும்பால் 1894இல் எழுந்த அந்தத் தெலுக் ஆயர் சந்தையை, எம்ஆர்டி சுரங்கப் பணிக்காக 1986இல் துண்டு துண்டாகப் பிரித்து, பிறகு அதே இடத்தில் திரும்பப் பூட்டினார்கள். இன்று அதன் தூண்களுக்கு நடுவில்தான் சாத்தே சாப்பிடுகிறோம்.

ஆனால் முதலில் அனுமதி. லிட்டில் இந்தியா 1989 முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரம். அங்குள்ள பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் எதைக் கழற்றுவதானாலும் நகர மறுசீரமைப்பு ஆணையத்தைக் கேட்க வேண்டும். மேல்மாடியைத் தாங்கும் தூண் என்றால் பொறியாளர் இல்லாமல் தொடவே கூடாது.

பழைய சாயத்தில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். துருவைத் தடுக்கச் செவ்வீயம் பூசுவது அக்காலத்தில் வழக்கம். உலர வைத்துத் தேய்க்காதீர்கள், சுட்டு உரிக்காதீர்கள், ஈரமாக்கிச் சுரண்டுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த வேலையே வேண்டாம், தெரிந்தவர்களிடம் விடுங்கள்.

சுழற்படிக்கட்டில் ஒவ்வொரு படியின் முனையிலும் ஒரு குழல் இருக்கும். நடுக்கம்பத்தில் அவை வளையல்போல் ஒன்றன்மேல் ஒன்று கோக்கப்பட்டுள்ளன. ஆகவே மேலிருந்து கீழே வர வேண்டும்: கைப்பிடி, அழிக்கம்பிகள், பிறகு மேல்படி. படமெடுத்து, எண் கட்டித் தொங்கவிடுங்கள். போல்ட்டுகளுக்குத் துருநீக்கி எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். அப்போதும் திரும்பாவிட்டால் போல்ட்டை அறுத்துவிடுங்கள். போல்ட் கடையில் கிடைக்கும், படி கிடைக்காது. ஒரு லிட்டர் கன அளவுக்கு 7 கிலோவுக்கு மேல் எடை வருமாதலால் கப்பி போட்டே இறக்க வேண்டும். சிமெண்ட் தரையில் அல்ல, பலகையிலோ பழைய டயரிலோ வையுங்கள்.

குளிர்நாடுகளில் பழைய வீட்டு ரேடியேட்டர்களை மீட்பவர்களுக்கும் இதே பாடம்தான். 1850களில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிரான்ஸ் சான் கல்லி உருவாக்கிய அந்த வெப்பமூட்டிகளின் வழிவந்தவையும் வார்ப்பிரும்புத் துண்டுகளைக் கோத்துச் செய்தவை. குளிர்காலத்தில் உள்ளே நீர் உறைந்தால் வெடிக்கும். அதனால் வாங்குவதற்கு முன் நீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீட்டு இரும்பு வாங்குவோர் அந்தக் கவலையின்றித் தட்டிப் பார்த்தே வாங்கலாம்.

ஒரு படி மட்டும் உடைந்திருந்தால்? சாதாரண வெல்டிங் வேண்டாம். சூடான இடம் ஆறிச் சுருங்கும்போது பக்கத்தில் புது விரிசல் விழும். முழுத் துண்டையும் முன்கூட்டியே சூடாக்கி நிக்கல் கம்பியால் ஒட்டலாம், அல்லது சூடே இல்லாமல் உலோக ஊசிகளால் தைக்கலாம். இரண்டும் முடியாதென்றால் நல்லதாக உள்ள ஒரு படியை மாதிரியாக வைத்துப் புதிதாக வார்க்கலாம். உருகிய இரும்பு ஆறும்போது ஏறத்தாழ ஒரு விழுக்காடு சுருங்குவதால், 60 சென்டிமீட்டர் படி அரை சென்டிமீட்டருக்கு மேல் குறைந்து வரும். மாதிரியை அந்த அளவு பெரிதாக்கச் சொல்ல வேண்டும். மாதிரிக்கு முழுப் படிதான் வேண்டும் என்றுகூட இல்லை. எல்லாத் துண்டுகளும் இருந்தால் ஒட்டி மண்ணில் அச்செடுக்கலாம். கிராஞ்சிக் கிடங்கில் அதற்காகத்தான் இரண்டு பாதிகளை எடைக்கு வாங்கி வந்திருக்கிறேன்.