இரண்டாவது கும்மிக்கு யார் வருவாங்க?

பொங்கலுக்கு எங்கள் சேலையூர் அப்பார்ட்மென்ட் மொட்டை மாடியில் கும்மி அடித்தோம். ஆரம்பத்தில் வட்டத்தில் 30 பேர். மூன்றாவது பாட்டு முடிந்தபோது எண்ணினால் 11 பேர்தான்! மற்றவர்கள் கைப்பிடிச் சுவரோரம் ஒதுங்கி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் 'அடுத்தது எப்போ?' என்று வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். கட்டைவிரல் படங்களாகக் குவிந்தன. தேதி சொன்னதும் குரூப்பே அமைதி.

முதல் தடவை பண்டிகைக்காக வருவார்கள். இரண்டாவது தடவை வரவைப்பதுதான் பெரும்பாடு. ஒதுங்கி நின்றவர்களிடம் ஏன் என்று கேட்டேன். "பாட்டு ஓடுற வேகத்துக்கு எனக்குக் கால் வரலைம்மா" என்றார் மூன்றாவது மாடி மாமி. அங்கேதான் தப்பு செய்திருந்தோம். யூடியூப் பாட்டை ஸ்பீக்கரில் போட்டால் அது யாருக்காகவும் நிற்காது. கும்மிக்கு உண்மையில் வாத்தியமே தேவையில்லை, கைத்தட்டுதான் தாளம். பாடுகிறவர் வட்டத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். இங்கிலாந்து, அமெரிக்காவில் 'பார்ன் டான்ஸ்' என்று ஊர் கூடி ஆடுவார்கள். அதிலும் ஒருவர் நின்று அடுத்த அடி என்ன என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பாட்டு தொடங்கும் முன் ஒருமுறை நடந்து பார்க்கவும் வைப்பார். அன்றைக்குத்தான் வந்தவர்கூட ஆடிவிடலாம்.

அவ்வளவு தூரம் போவானேன்? கொங்குப் பக்கம் வள்ளி கும்மியைப் பாருங்கள். முருகன், வள்ளி கதையைப் பாடிக்கொண்டே ஆடுவது. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த இதைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த கோவை மாவட்டத்துப் பெரியவர் பத்திரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அங்கே பயிற்சியில் சேரும்போதே கடைசியில் அரங்கேற்றம் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நாள் கண்ணெதிரே இருப்பதால்தான் புதியவர்களும் விடாமல் வருகிறார்கள் என்று நினைக்கிறேன். நாங்கள் 'பார்க்கலாம்' என்று சொல்லிக் கலைந்திருந்தோம்!

இடக்கணக்கும் போட்டேன். ஒருவருக்கு 3 அடி வைத்தால் 24 பேருக்குச் சுற்றளவு 72 அடி; வட்டத்தின் குறுக்களவு சுமார் 23 அடி. எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டி போக அவ்வளவுதான் மிச்சம். அதனால் உள்ளே ஒரு சின்ன வட்டம். முட்டிவலிக்காரர்களும் குழந்தைகளும் அதில் குனியாமல், நின்றபடியே தட்டலாம். இரண்டே பாட்டு, மூன்றே அடவு, திரும்பத் திரும்ப. மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு வந்துவிடும் என்பதால் அதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

எல்லாம் சரி, பாட ஆள்?

பொங்கல் வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தபோதுதான் கவனித்தேன். ஓரத்தில், படிக்கட்டு வாசலில், எங்கள் மாடிப்படி பெருக்கும் அக்கா நிற்கிறார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தட்டுகிறார். நாங்கள் எல்லோரும் தாளம் தப்பிய இடத்தில் அவர் கை மட்டும் சரியாக விழுகிறது. செஞ்சிப் பக்கத்து ஊர்க்காரர். மாரியம்மன் திருவிழாவில் சின்ன வயதிலிருந்து ஆடியவராம். அன்றைக்கு 'வாங்கக்கா' என்று கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

போய்க் கேட்டேன். "நானா? மாடிக்கு நான் பெருக்கத்தானேம்மா வருவேன்" என்றார். அசோசியேஷன் கூட்டத்தில், "அவங்களுக்குப் பணம் வேறயா?" என்று ஒரு குரல். தாம்பரத்திலிருந்து டான்ஸ் டீச்சரை வரவழைத்தால் சும்மாவா அனுப்புவோம் என்று கேட்டேன். வகுப்புக்கு 1,000 ரூபாய் என்று முடிவானது. பெருக்கும் வேலை அன்றைக்குக் கிடையாது.

இரண்டு நாள் யோசித்து அக்கா சம்மதித்தார், இரண்டு நிபந்தனைகளோடு. ஸ்பீக்கர் கூடாது. "அப்புறம், வீடியோ எடுக்கிறவங்களும் வட்டத்துக்குள்ள வந்து நிக்கணும்மா."