ஸ்விட்ச் எதைப் பிரிக்கிறது, எதைப் பிரிப்பதில்லை?

ஒரு ஸ்விட்ச். அதில் கம்ப்யூட்டர், பிரின்டர் என்று 40 கருவிகள். இங்கே எத்தனை நெட்வொர்க் செக்மென்ட்? 40 என்றாலும் சரி, ஒன்று என்றாலும் சரி. எதை வைத்து எண்ணுகிறோம் என்பதே கேள்வி.

பழைய ஈதர்நெட்டில் இந்தக் குழப்பம் இல்லை. தடித்த கோஆக்ஸியல் கேபிள் ஒன்று, அதிகபட்சம் 500 மீட்டர், அதில் 100 இணைப்புகள் வரை. அந்தக் கேபிள்தான் செக்மென்ட். இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்தில் அனுப்பினால் தகவல்கள் மோதிக் கெடும். இரண்டும் நிறுத்தி, சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். வந்ததை எல்லா போர்ட்டுகளுக்கும் அப்படியே அனுப்பும் ஹப் வந்த பிறகும் இதே கதைதான்.

1990-ல் கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம் ஈதர்நெட் ஸ்விட்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஸ்விட்ச் ஒவ்வொரு ஃபிரேமிலும் உள்ள மேக் முகவரியைப் படித்து, உரிய போர்ட்டுக்கு மட்டும் அனுப்புகிறது. ஆகவே மோதலை வைத்து எண்ணினால் ஒவ்வொரு போர்ட்டும் தனிச் செக்மென்ட். ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடிகிற ஃபுல் டூப்ளெக்ஸில் மோதல் என்பதே கிடையாது.

பிராட்காஸ்ட் வேறு விஷயம். ஒரு கம்ப்யூட்டர் பிரின்டருக்கு அச்சுக்கு அனுப்பப் பார்க்கிறது. ஐபி தெரியும், மேக் முகவரி தெரியாது. ‘இந்த ஐபி யாருடையது?’ என்று ஏஆர்பி மூலம் கேட்கிறது. அந்த ஃபிரேமில் சேருமிட முகவரியின் 48 பிட்டுகளும் 1. அதைப் பார்த்ததும் ஸ்விட்ச் மற்ற எல்லா போர்ட்டுகளுக்கும் நகல் அனுப்புகிறது. 39 கருவிகளுக்குப் போகிறது. பிரின்டர் பதில் சொல்கிறது, மற்ற 38-ம் ஒதுக்கிவிடுகின்றன. இந்தக் கேள்வி எட்டும் எல்லை முழுவதும் ஒரே செக்மென்ட். இன்னொரு ஸ்விட்சை இணைத்தால் எல்லை நீளுமே தவிர, பிரியாது.

பிரிப்பது விலான், அதாவது விர்ச்சுவல் லேன். 1998-ல் வந்த 802.1க்யூ தரம் ஃபிரேமில் 12 பிட் விலான் எண்ணைச் சேர்க்கிறது. 4,094 விலான்கள் வரை அமைக்கலாம். கணக்குப் பிரிவுக்கு ஒன்று, சிசிடிவிக்கு ஒன்று என்று ஒதுக்கினால், ஒன்றின் பிராட்காஸ்ட் மற்றதற்குப் போகாது. இரண்டுக்கும் இடையே பேச ரவுட்டரோ லேயர் 3 ஸ்விட்சோ வேண்டும்.

கேமராக்களுக்கு வேறு ஐபி வரிசை கொடுத்ததோடு பிரித்துவிட்டதாக நினைக்கும் அலுவலகங்கள் பல. இது ஆபத்தானது. விலான் ஒன்றாகவே இருந்தால், கேமராவைக் கைப்பற்றியவர் அதன் ஐபியை மாற்றினாலே போதும். கணக்குப் பிரிவின் கம்ப்யூட்டர்களோடு ரவுட்டர் வழியே போகாமல் நேரடியாகப் பேசலாம்.