ஐந்து நிமிடத்தில் நிரம்பும் பெட்டி



"ஐந்தே நிமிடத்தில் மின்னேற்றம், 400 கிலோமீட்டர் ஓட்டம்!" இப்படி ஒரு செய்தியைப் படித்தால் என்ன செய்வீர்கள்? சிலர் வியப்பார்கள், சிலர் சிரிப்பார்கள். நாம் பென்சிலை எடுத்துக் கணக்குப் போடுவோம்.

2008-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் ஜென் என்ற மின்கார் நிறுவனம் இப்படித்தான் அறிவித்தது. அது நம்பியிருந்தது, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருந்த ஈ-ஸ்டோர் நிறுவனத்தின் மின்தேக்கியை. 2006-இல் பெற்ற காப்புரிமையில் ஈ-ஸ்டோர் தந்த அளவுகள் இவை: மின்தேக்குத்திறன் சுமார் 30.7 ஃபாரட், மின்னழுத்தம் 3,500 வோல்ட்.

மின்தேக்கியில் சேரும் ஆற்றல் ½CV² என்பது நீங்கள் அறிந்ததே. பெருக்கிப் பாருங்கள். சுமார் 18.8 கோடி ஜூல், அதாவது 52 யூனிட் மின்சாரம் வருகிறது. ஒரு காருக்கு இது போதும்.

இதை 300 வினாடியில் ஏற்ற வேண்டுமானால்? வகுத்தால் ஏறக்குறைய 627 கிலோவாட். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் அறுநூற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் எரிவதற்குச் சமம்! வீட்டு இணைப்பு தாங்காது. தனி நிலையம் வேண்டும். கடினம்தான், ஆனால் இயலாததன்று.

அப்படியானால் ஓட்டை எங்கே? C என்ற எழுத்தில்! மின்தேக்கியின் தகடுகளுக்கு இடையே இருந்த பொருள் பேரியம் டைட்டனேட். மின்புலத்தில் இதன் படிகத்திலுள்ள மின்சுமைகள் சற்றே இடம் பெயர்கின்றன. அதனால்தான் C பெரிதாகிறது. ஆனால் நெரிசலான பேருந்தை நினைத்துப் பாருங்கள். கண்டக்டர் முதலில் "உள்ளே போங்கள்" என்றதும் கூட்டம் நகரும். பிறகு எவ்வளவு கத்தினாலும் நகர இடமிராது. அதுபோலவே வலுவான மின்புலத்தில் C குறைந்துவிடுகிறது. சூத்திரம் சரி, குறைந்த மின்புலத்துக்குரிய C-ஐ அதிக மின்புலத்துக்கும் வைத்துக்கொண்டதுதான் சிக்கல். தங்கள் பொருளில் C குறையாது என்றது ஈ-ஸ்டோர். இயற்பியலாளர் பலர் அப்போதே ஐயம் எழுப்பினர். ஈ-ஸ்டோரின் பங்குகளை வாங்கிக் காத்திருந்த ஜென்னுக்கோ, அந்த மின்தேக்கி பொருத்திய கார் ஒன்றைக்கூட விற்க முடியவில்லை.

அதற்காக எல்லாப் புதுமையையும் பழிக்க வேண்டாம். லித்தியம் மின்கலமும் ஒரு காலத்தில் துணிச்சலான கனவுதான். 1970-களில் விட்டிங்ஹாம் தொடங்கிய ஆய்வு, குடினஃப், யோஷினோ ஆகியோரின் உழைப்பால் வளர்ந்து, 1991-இல் சந்தைக்கு வந்தது. மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து கடைக்கு வர இருபது ஆண்டு!

எனவே, அடுத்த அதிசய மின்கலச் செய்தி வரும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை யூனிட்? எத்தனை நிமிடம்? வேறு யாராவது அளந்து பார்த்தார்களா? மூன்றாவதற்கு விடை கிடைக்கும்வரை பொறுத்திருங்கள்.