ஓர் உழவு, மூன்று அறுவடை

வசந்த பஞ்சமி கழிந்ததும் மேற்கு உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர், மீரட், ஷாம்லி மாவட்டங்களில் ஊர்ப்புறச் சாலைகள் இருவகை வண்டிகளால் நிறைகின்றன. ஒருபுறம் கரும்பேற்றி ஆலைக்குச் செல்பவை. மறுபுறம் கலப்பை பூட்டி வயலுக்கு விரையும் டிராக்டர்கள். பழைய பயிரின் அறுவடையும் புதிய பயிரின் நிலத் தயாரிப்பும் ஒரே வேளையில் நடைபெறும் பருவம் இது. பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் இறுதிவரை, ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குள் வசந்தகால நடவு முடிந்தாக வேண்டும்.

கரும்பின் பரு நன்கு முளைக்க 25 முதல் 32 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். வட இந்தியாவின் சனவரிக் குளிரில் முளைப்பு மிக மந்தமாக இருக்கும். ஏப்ரலுக்குத் தள்ளிப்போனாலோ, பருவமழைக்கு முன் பயிர் தூர்கட்டுவதற்குரிய காலம் குறைந்து விளைச்சல் சரியும். ஆகவே நாள் தவறாமை இங்கே உரத்திற்கு ஒப்பானது.

மூன்றாண்டுக்கான அடித்தளம்

நெல்லுக்கோ கோதுமைக்கோ செய்யும் உழவு ஒரு பருவத்துக்கு உரியது. கரும்பு அவ்வாறன்று. முதல் பயிரை வெட்டிய பின் அதே கட்டையிலிருந்து மறுதாம்புப் பயிர் ஒரு முறையோ இரு முறையோ எடுக்கப்படுகிறது. ஆகவே இப்போது செய்யும் நிலத் தயாரிப்பே இரண்டு அல்லது மூன்று அறுவடைகளைத் தாங்குகிறது. உழவில் விடப்பட்ட குறையை அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ள வாய்ப்பில்லை. உத்தரப் பிரதேசத்தில் ஒரு குடும்பத்தின் சராசரி நில உடைமை, 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி, 0.73 எக்டேர் மட்டுமே. அத்தனை சிறிய நிலத்தில் மூன்றாண்டு வருவாயை ஒரே உழவு தீர்மானிக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், அதற்காகும் செலவு வீண்செலவாகத் தோன்றாது.

முதலில் இறக்கைக் கலப்பையால் ஆழ உழுது மண்ணைப் புரட்ட வேண்டும். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுததால் அடியில் இறுகிய மண் தட்டு உருவாகியிருப்பின், உளிக்கலப்பை கொண்டு அதனை உடைத்தல் நலம். பின்னர்க் கொத்துக்கலப்பையால் இரண்டு மூன்று முறை உழுது, பரம்படித்துக் கட்டிகளைப் பொடியாக்க வேண்டும். லேசர் கருவியால் நிலத்தைச் சமன்செய்தால் பாசன நீர் எங்கும் ஒரே அளவில் பரவும்; மேட்டில் முளைக்காமலும் பள்ளத்தில் அழுகியும் போகும் கரணைகள் குறையும். இக்கருவியை விலைக்கு வாங்கத் தேவையில்லை. மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிறது. இறுதி உழவில் நன்கு மக்கிய தொழு உரத்தை இட வேண்டும். இரசாயன உரத்தின் அளவை, 2015இல் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தின் பரிசோதனை முடிவைக் கொண்டு முடிவு செய்யலாம்.

வழக்கமான நடவில் வரிசைகளுக்கிடையே சுமார் மூன்றடி விடப்படும். அண்மைக்காலத்தில் பரவிவரும் ஆழ்சால் முறையில் நான்கடி இடைவெளியில், ஏறத்தாழ ஓரடி ஆழத்திற்குச் சால் எடுக்கப்படுகிறது. நீர் மிச்சமாகிறது, பயிர் சாய்வது குறைகிறது, இடைவெளியில் உளுந்தோ பச்சைப்பயறோ ஊடுபயிராக விளைந்து, கரும்புப் பணம் வருமுன்னரே கைச்செலவுக்கு உதவுகிறது.

கோதுமையா, கரும்பா?

இக்குடும்பங்களின் கடினமான தேர்வு இதுவே. வயலில் நிற்கும் கோதுமை ஆண்டு முழுவதற்குமான உணவு. அதன் அறுவடை ஏப்ரலில்தான் முடியும். கரும்போ பிப்ரவரியில் நிலத்தைக் கேட்கிறது. இலக்னோவிலுள்ள இந்தியக் கரும்பு ஆராய்ச்சி நிறுவனம் இதற்கொரு வழி காட்டியிருக்கிறது. கோதுமையை மேட்டுப்பாத்திகளில் விதைத்து, பிப்ரவரியில் கோதுமை நிற்கும்போதே சால்களில் கரும்பை நடலாம். இம்முறையில் நிலத் தயாரிப்பு நவம்பரிலேயே தொடங்கிவிடுகிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

கோயம்புத்தூரின் கொடை

வடக்கின் இவ்வயல்களுக்கும் தமிழகத்துக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட உறவு உண்டு. 1912இல் நிறுவப்பட்ட கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பர், வெங்கட்ராமன் ஆகியோரின் உழைப்பால் உருவான ‘கோ 205’ என்னும் கலப்பினம் 1918இல் வட இந்தியாவுக்காக வெளியிடப்பட்டது. அந்நிலையத்தின் கர்னால் மண்டல மையம் உருவாக்கி 2009இல் வெளியான ‘கோ 0238’, உத்தரப் பிரதேசத்தின் பெரும்பான்மைக் கரும்புப் பரப்பில் பரவி விளைச்சலையும் சர்க்கரைக் கட்டுமானத்தையும் உயர்த்தியது.

அதே இரகம் இன்று செவ்வழுகல் நோய்க்கு இரையாகி வருகிறது. ஒரே இரகத்தை எங்கும் நட்டதன் ஆபத்தை இது உணர்த்துகிறது. நோய் கண்ட வயலில் மறுதாம்பு விடலாகாது. கட்டைகளை அகற்றி, குறைந்தது ஓராண்டாவது நெல் போன்ற வேறு பயிரிட வேண்டும். விதைக்கரணையை நோயற்ற வயலிலிருந்தே தெரிந்தெடுத்து, பூஞ்சாணக் கொல்லியில் நனைத்து நட வேண்டும். நோயுற்ற கரணையை நட்டால் எத்தகைய உழவும் பயன்தராது.

பணமும் பருவம் தவறலாகாது

ஆலைக்குக் கரும்பு அளித்த 14 நாள்களுக்குள் பணம் வழங்க வேண்டும் என்கிறது 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. எனினும் தாமதங்கள் நேர்கின்றன. பணம் வரும்வரை உழவு காத்திராது. அந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே 1998இல் அறிமுகமான கிசான் கடன் அட்டை உள்ளது. பயிர்ச்செலவுக்கான வரம்புடன், அதில் 10 விழுக்காடு குடும்பத் தேவைக்கும் அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும், 20 விழுக்காடு பண்ணைச் சொத்துகளின் பராமரிப்புக்கும் சேர்க்கப்படுகிறது. 2025 சனவரி முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரையிலான வேளாண் கடனுக்குப் பிணையம் தேவையில்லை.

மூன்று இலட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 விழுக்காடு. உரிய நாளில் திருப்பிச் செலுத்துவோருக்கு 3 விழுக்காடு சலுகை. ஓர் இலட்சம் ரூபாய்க்கு ஓராண்டு வட்டி 4,000 ரூபாய் மட்டுமே. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்கினால் அதுவே 24,000 ரூபாய். இந்த 20,000 ரூபாய் வேறுபாடு, உழவுக்கும் சமன்செய்வதற்கும் ஆகும் கூலியில் பெரும்பகுதியை ஈடுகட்டக்கூடும்.

இரண்டு செய்திகளை நினைவிற்கொள்ளுதல் நன்று. எடுத்த தொகைக்கு, எடுத்த நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படுகிறது. எனவே முழு வரம்பையும் ஒரே நாளில் எடுக்காமல் உழவு, நடவு, மேலுரம் எனத் தேவைக்கேற்பப் பிரித்து எடுக்கலாம். ஆலைப் பணம் தாமதமாகும் எனத் தோன்றினால், தவணை நாள் கடந்த பிறகன்று, அதற்கு முன்பே கிளை அலுவலரைச் சந்திக்க வேண்டும். நாள் தவறிய பின் போன சலுகையை மீட்பது அரிது. நிலத்தை ஆயத்தம் செய்யும் வாரத்திலேயே கடன் அட்டையின் புதுப்பிப்பு நாளையும் பார்த்து வைப்பது நல்ல உழவரின் வழக்கமாகட்டும்.