எண் வேறு, சீட்டு வேறு

"பயணச்சீட்டுக்குப் பணம் கட்டியாகிவிட்டது, காக்கா. எண்ணை உங்கள் தொலைபேசிக்கு அனுப்பியிருக்கிறேன். நிலையத்தில் இருக்கும் இயந்திரத்தில் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் தம்பி சொன்னபோது, அந்தச் சொற்களுக்குள் ஒரு சோதனை ஒளிந்திருப்பதை நான் உணரவில்லை.

2023ஆம் ஆண்டு மே மாதம். மதரஸா விடுமுறையில் உம்மாவை அழைத்துக்கொண்டு, இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வசிக்கும் தம்பியின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். லண்டனில் இருக்கும் சாச்சியைப் பார்த்துவிட்டு அன்று மாலையே திரும்புவது எங்கள் திட்டம். ரயிலில் ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான பயணம்தான். நம் குடும்பங்களில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்நாட்டில் படிக்கவும் பணியாற்றவும் செய்கின்ற இக்காலத்தில், அவர்களைக் காணச் செல்லும் பெற்றோருக்கு என் அனுபவம் பயன்படக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

லெஸ்டர் நிலையத்தில் இயந்திரத்தின் முன் நின்றேன். திரையில் 'முன்பதிவு செய்த சீட்டுகளைப் பெறுக' என்னும் பொருள்பட ஒரு கட்டம். அதைத் தொட்டதும் வங்கி அட்டையைச் செருகச் சொன்னது. அதிலிருந்து பணம் எடுப்பதில்லை. அடையாளத்திற்காக மட்டுமே கேட்கிறது. பிறகு எழுத்தும் இலக்கமும் கலந்த எட்டு குறிகள் கொண்ட பதிவு எண்ணைக் கேட்டது. தட்டினேன். உள்ளே 'கிர்ர்' என்று ஓர் ஓசை. கீழே உள்ள தட்டில் ஆரஞ்சு நிறக் கரையிட்ட அட்டைகள் விழலாயின. என் பின்னால் ஐந்தாறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். ரயிலுக்கோ ஆறு நிமிடம்தான் இருக்கிறது. விழுந்தவற்றை அள்ளிக்கொண்டு உம்மாவின் கையைப் பிடித்து விரைந்தேன்.

இயந்திரம் அப்போது அச்சடித்து முடித்திருக்கவில்லை என்பது மாலையில்தான் தெரிந்தது.

லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்தில் நடைமேடைக்குச் செல்லும் தானியங்கிக் கதவில் ஓர் அட்டையை நுழைத்தேன். கதவு திறக்கவில்லை. மற்றொன்றை நுழைத்தேன்; அதற்கும் திறக்கவில்லை. அங்கிருந்த ஊழியர் என் கையிலிருந்தவற்றை வாங்கிப் பார்த்தார். இரண்டில் இருக்கை எண் மட்டும் அச்சாகியிருந்தது; இன்னொன்று சீட்டுகளைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது. காலையில் எங்களை லண்டனுக்குக் கொண்டுவந்த சீட்டுகளை வெளியேறும் கதவு விழுங்கிவிட்டது; அது அங்கு வழக்கம். ஊர் திரும்புவதற்கான சீட்டுகள்? அவை லெஸ்டர் இயந்திரத்தின் தட்டிலேயே விழுந்து கிடந்திருக்க வேண்டும்.

"அதற்கென்ன வாப்பா, பணம் கட்டியிருக்கிறோமே! நம் பெயர் அவர்கள் ஏட்டில் இருக்குமே, பார்க்கச் சொல்" என்றார்கள் உம்மா.

நம் நாட்டு ரயிலில் பழகிய எவரும் அப்படித்தான் சொல்வார்கள். இங்கே முன்பதிவு செய்தால் பத்து இலக்க எண் ஒன்று உண்டு. பரிசோதகரின் பட்டியலில் நம் பெயரும் வயதும் உண்டு. கணினி வழி பெற்ற சீட்டானால் தொலைபேசியில் வந்த செய்தியையும் அடையாள அட்டையையும் காட்டினால் போதும். பயணம் பெயரோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. பிரிட்டனில் சாதாரணப் பயணச்சீட்டில் பெயரே இல்லை. இருக்கை பதிவு செய்யாமலும் பெரும்பாலான ரயில்களில் ஏறலாம். ஆகவே சீட்டு எவர் கையில் இருக்கிறதோ அவரே பயணி. கையில் இல்லையென்றால், எத்தனை பவுன் கட்டியிருந்தாலும் கட்டியதாகக் கணக்கில்லை. பதிவு எண் சீட்டன்று. சீட்டைப் பெறுவதற்கான திறவுகோல் மட்டுமே. அத்திறவுகோலும் ஒருமுறைதான் திறக்கும். முகப்பில் இருந்த பெண்மணி கணினியைப் பார்த்து, சீட்டுகள் காலையிலேயே அச்சாகிவிட்டன, மீண்டும் தர இயலாது என்று கனிவோடு சொன்னார். எங்களிடம் விடை பெறுவதற்கு முன் அந்த நேரத்திற்குரிய மலிவான கட்டணம் எதுவெனத் தேடி, இருவருக்கும் புதிய சீட்டுகளைக் கொடுத்தார். பணம் போனதைவிட, முதிய வயதில் உம்மாவை அந்தக் கூட்டத்தில் நிற்கவைத்த வருத்தமே எனக்குப் பெரிதாயிருந்தது.

சீட்டு ஒரு பொருளாக இவ்வளவு மதிப்புப் பெற்ற வரலாறும் அந்நாட்டிலேயே தொடங்கியது. ரயில் வந்த புதிதில் அங்கே கையால் எழுதிய துண்டுத்தாள்களே சீட்டுகளாயிருந்தன. 1830களில் வட இங்கிலாந்தின் பிராம்ப்டன் நகருக்கான நிலையத்தில் பணியாற்றிய தாமஸ் எட்மன்சன், தொழிலில் மரத்தச்சராய் இருந்தவர். வரிசை எண் அச்சிட்ட சிறிய தடித்த அட்டையையும், அதில் தேதி பதிக்கும் கருவியையும் உருவாக்கினார். எண்கள் வரிசையாக இருந்ததால் எத்தனை சீட்டு விற்றது, எவ்வளவு பணம் இருக்க வேண்டும் என்பது மாலையில் துல்லியமாகத் தெரிந்துவிடும். பயணியின் வசதியைவிட, பணம் வாங்குபவரின் கணக்கைச் சரிபார்ப்பதே அதில் முதன்மையானது. அதே அட்டைதான் நம் ஊர்களுக்கும் வந்தது. சிறு வயதில் வாப்பாவோடு நிலையத்தில் நின்றபோது, முகப்பின் உள்ளே 'டக்' என்று தேதி பதியும் ஓசை இன்னும் என் செவியில் இருக்கிறது. பிரிட்டனில் அந்த அட்டை 1990 வரை புழங்கியது. அதற்கு முன்பே, 1986இல், பின்புறம் காந்தப்பட்டை கொண்ட ஆரஞ்சு நிறச் சீட்டுகள் வந்துவிட்டன. கதவு படிப்பது அந்தப் பட்டையைத்தான்.

இப்போது பலரும் சீட்டைத் தொலைபேசியிலேயே பெற்றுக்கொள்கிறார்கள். என் தம்பியும் தனக்கு அப்படித்தான் வாங்குவான். எங்களுக்குத் தாளாக இருந்தால் எளிது என்று எண்ணித்தான் இயந்திர முறையைத் தேர்ந்தெடுத்தானாம்! லண்டனின் ஒரு நிலையத்தில் இறங்கிச் சுரங்க ரயிலில் மறு நிலையம் சென்று பயணத்தைத் தொடர்வோருக்கு இன்றும் இந்தக் காந்தப்பட்டைச் சீட்டே பெரிதும் பயன்படுகிறது. ஆகவே இயந்திரத்தை முற்றிலும் தவிர்த்துவிட முடியாது.

அங்கு செல்வோர் பயண நாளன்று போய் நிற்க வேண்டியதில்லை. பதிவு செய்தபின் முன்கூட்டியே, வேறொரு நிலையத்து இயந்திரத்திலும் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். எல்லாச் சிறிய நிலையங்களிலும் இயந்திரம் இருக்கும் என்று மட்டும் நம்பிவிடலாகாது. பணம் கட்டிய அதே வங்கி அட்டை வேண்டுமா, எந்த அட்டையும் போதுமா என்பது விற்பவரைப் பொறுத்து மாறும். பிள்ளைகள் பதிவு செய்யும்போதே அதைக் கேட்டுவிடுங்கள். நான்கு பேருக்குப் பதிவு செய்திருந்தால் நால்வரின் சீட்டுகளும், போவதற்கும் வருவதற்கும் சேர்த்து, ஒரே தடவையில் விழும். இருக்கைக்குத் தனி அட்டையும் வரலாம். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ரயிலில் ஏறிவிடலாம் என்று எண்ண வேண்டாம். 2023 ஜனவரி முதல் இங்கிலாந்தில் உரிய சீட்டின்றிப் பயணம் செய்வோருக்கு, கட்டணம் போக 100 பவுன் அபராதம் விதிக்கப்படுகிறது; 21 நாட்களுக்குள் கட்டினால் அது 50 பவுனாகக் குறையும்.

எங்களுக்கு உதவிய அந்த முகப்பைப் போன்றவற்றுக்கே நாங்கள் ஊர் திரும்பிய இரண்டு மாதங்களில் ஆபத்து வந்தது. இங்கிலாந்தின் பெரும்பாலான நிலையங்களில் சீட்டு முகப்புகளை மூடும் திட்டத்தை 2023 ஜூலையில் ரயில் நிறுவனங்கள் அறிவித்தன. முதியோரும் பார்வையற்றோரும் மாற்றுத்திறனாளிகளும் எதிர்த்து எழுந்தார்கள். சுமார் 7,50,000 கருத்துகள் குவிந்தன. அக்டோபர் 31இல் திட்டம் கைவிடப்பட்டது. செய்தியைப் படித்துக் காட்டியபோது, "அந்தப் பொண்ணு வேலை நிலைச்சுதே" என்று மகிழ்ந்தார்கள் உம்மா.

அங்கிருந்து புறப்படுவதற்கு முன் ஒருமுறை பர்மிங்ஹாம் சென்றோம். அன்று இயந்திரத்தின் தட்டருகே உம்மாவே நின்றுகொண்டார்கள். விழும் ஒவ்வோர் அட்டையையும் எடுத்து எண்ணினார்கள். ஓசை அடங்கி, திரை பழைய நிலைக்குத் திரும்பியபின் தட்டினுள் கைவிட்டு ஒருமுறை துழாவினார்கள். பின்னால் நின்ற இளைஞர் புன்னகைத்துக்கொண்டே காத்திருந்தார். மாலையில் லெஸ்டர் திரும்பியதும் வெளியேறும் கதவு அந்தச் சீட்டுகளை விழுங்கிக்கொண்டது. நினைவுக்காக உம்மாவின் கைப்பையில் எஞ்சியது, 'பயணத்திற்குச் செல்லாது' என்று அச்சிட்ட ரசீது ஒன்றுதான்.