மலிவுத் தோட்டா ஏன் சிக்குகிறது?

நம் நாட்டில் ஷாட்கன் வைத்திருக்க உரிமம் வேண்டும். காட்டுப்பன்றி தோட்டத்தை அழிக்காமல் காக்க, உரிமம் பெற்ற விவசாயிகள் சிலர் வைத்திருப்பார்கள். ஆனால் அமெரிக்காவில் களிமண் தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுடுவது வார இறுதிப் பொழுதுபோக்கு. விலை குறைந்த துப்பாக்கிகள் அங்கே ஏராளம். அவற்றில் பல, துருக்கியின் ஹூலு போன்ற ஆயுதத் தொழில் ஊர்களிலிருந்து வருபவை. பெட்டி பெட்டியாக மலிவுத் தோட்டாவும் கிடைக்கும். இரண்டும் சேரும்போது எழும் புகார் ஒன்றுதான்: சுட்ட தோட்டா வெளியே வராமல் சிக்கிக்கொள்கிறது.

குறை துப்பாக்கியிலா, தோட்டாவிலா? நான் துப்பாக்கி சுடுபவன் அல்லன். ஆனால் ஓர் அறிவியல் ஆசிரியருக்கு இதைவிட நல்ல வினாத்தாள் கிடைக்காது.

ஷாட்கன் தோட்டா ஒரு பிளாஸ்டிக் குழாய். அதன் அடியில் உலோகத் தொப்பி, உள்ளே வெடிமருந்து, ஓர் அடைப்பான், அதன்மேல் ஈய ரவைகள். சுடும்போது உள்ளே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 700 மடங்குக்கு உயரலாம். அந்த நொடியில் உலோகத் தொப்பி விரிந்து, தோட்டா அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் இறங்கியதும் அது சுருங்கினால்தான் கொக்கியால் இழுத்து வெளியே எறிய முடியும்.

இங்கேதான் மலிவு தன் வேலையைக் காட்டுகிறது. நல்ல தோட்டாவின் தொப்பி பித்தளை. மலிவுத் தோட்டாவில் பெரும்பாலும் பித்தளை முலாம் பூசிய மெல்லிய எஃகு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். காந்தத்தைக் காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். கடினப்படுத்திய பித்தளை விரிந்த பிறகு நன்றாகவே பின்னுக்குச் சுருங்கும். மென்னெஃகு அப்படியல்ல, சீக்கிரமே நிரந்தரமாக வளைந்துவிடும், மீள்வது கொஞ்சம்தான். அறையின் உட்சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் எஃகும் நழுவி வந்துவிடும். மலிவுத் துப்பாக்கியில் கடைசல் கருவி விட்டுப்போன கோடுகள் சரியாக மெருகேற்றப்படாமல் இருந்தால், எஃகு அந்தக் கோடுகளைக் கவ்விக்கொள்ளும். ஆக, இரண்டு சிறு குறைகள் சந்திக்கும்போதுதான் கோளாறு. அதனால்தான் அதே தோட்டா இன்னொருவர் துப்பாக்கியில் ஒழுங்காக வேலை செய்கிறது.

இரண்டாவது காரணம் ஆற்றல். தானியங்கித் துப்பாக்கிகளில் ஒரு வகை, பின்னுதைப்பைக் கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. துப்பாக்கி பின்னோக்கிப் பாயும்போது, உள்ளே உள்ள கனமான உலோகக் கட்டை, நியூட்டனின் முதல் விதிப்படி, இருந்த இடத்திலேயே இருக்க முயல்கிறது. இடையில் உள்ள சுருள்வில் அமுங்கி, பிறகு கட்டையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. உதைப்பு போதாவிட்டால் வில் போதிய அளவு அமுங்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். துப்பாக்கியின் நிறை 3.2 கிலோகிராம் என்க. 36 கிராம் ரவை வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் போனால், உந்தம் 14.4, துப்பாக்கி வினாடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில் பின்வாங்கும். இயக்க ஆற்றல் சுமார் 32 ஜூல். 24 கிராம் ரவை 350 மீட்டர் வேகத்தில் போனால் உந்தம் 8.4, ஆற்றல் வெறும் 11 ஜூல். உந்தம் பாதிக்குச் சற்று மேல். ஆற்றலோ மூன்றில் ஒரு பங்கு! (அடைப்பானையும் வாயுவையும் கணக்கில் சேர்க்கவில்லை.) ஒலிம்பிக் வீரர்கள் 24 கிராம் தோட்டாவையே பயன்படுத்துகிறார்கள். அவர்களுடைய இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கையால் திறந்து மூடுவதால் இந்தத் தொல்லை அவர்களுக்கு இல்லை.

எங்கே சிக்கியது என்பதே பாதித் துப்பு. காலித் தோட்டா அறையிலேயே இறுகிக் கிடந்தால் உராய்வைச் சந்தேகிக்க வேண்டும். பாதி வழியில் வந்து வாசலில் மாட்டிக்கொண்டால் ஆற்றல் போதவில்லை. மீதியைப் பரிசோதனை சொல்லிவிடும். தமிழ்ப்பள்ளியில் படித்தோமே, தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று! அதேதான். துப்பாக்கியும் சுடுபவரும் மாறக்கூடாது. தோட்டாவின் வகையை மட்டும் மாற்றி, எத்தனை சிக்கின என்று எழுதிவைக்க வேண்டும். பலர் ஒரே நாளில் எண்ணெய் போட்டு, வில்லை மாற்றி, தோட்டாவையும் மாற்றுகிறார்கள். சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

ஆனால் ஓர் அறிகுறியை மட்டும் பரிசோதித்துப் பார்க்கக்கூடாது. வழக்கமான வெடிச்சத்தத்துக்குப் பதிலாக 'புஸ்' என்ற மெல்லிய சத்தம் கேட்டால், அடைப்பான் குழலுக்குள்ளேயே தங்கியிருக்கலாம். அப்படியே அடுத்ததைச் சுட்டால் குழல் வெடித்து, பிடித்திருக்கும் கை போய்விடும். விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால், மருந்து தாமதமாகப் பற்றக்கூடும். குழல்வாயைப் பாதுகாப்பான திசையில் நீட்டியபடி அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று: 20 போர் தோட்டா, 12 போர் குழலுக்குள் நழுவி அடைத்துக்கொள்ளும். பின்னால் ஒரு 12 போர் தோட்டாவும் தாராளமாக நுழையும். விளைவைச் சொல்லத் தேவையில்லை. 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் இதனால்தான்.