கரிசல் ஊர்களின் வாய்மொழி வரலாறு

கரிசல் ஊர்களின் வாய்மொழி வரலாறு என்பது தென் தமிழ்நாட்டின் கரிசல் மண் பகுதியிலுள்ள ஊர்கள், தெருக்கள், கிணறுகள், கோயில்கள் ஆகியவற்றைப் பற்றி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்திகளைக் குறிக்கும். விருதுநகர் மாவட்டத்தின் மல்லாங்கிணறு, தூத்துக்குடி மாவட்டத்தின் இடைசெவல் முதலியன இப்பகுதி ஊர்களாகும்.

தேவை

அரசு ஆவணங்கள் பெரும்பாலும் நிலம், வரி, வழக்கு, மக்கள்தொகை ஆகியவற்றையே பதிகின்றன. ஒரு கிணற்றை வெட்டியவர் யார், அதில் நீர் இறைக்க யாருக்கு உரிமை மறுக்கப்பட்டது, ஒரு தெரு ஏன் காலியானது போன்றவை முதியோரின் நினைவிலேயே உள்ளன. அவர்கள் மறைந்தால் அச்செய்திகளும் மறைந்துவிடும்.

காலக் கணிப்பு

சொல்பவர்கள் ஆண்டு எண்ணைக் குறிப்பிடுவது அரிது. "தாது வருசப் பஞ்சத்தில் வந்தோம்" என்பது போலவே கூறுவர். தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் வருவன. 1876, 1936, 1996 ஆகிய மூன்றிலும் தாது ஆண்டு பிறந்தது. பஞ்சம் எனச் சேர்த்துச் சொல்வதால் அது 1876-78 காலப் பெரும் பஞ்சம் எனத் துணியலாம். ஊர்ப் பெயர்களும் உதவுகின்றன. விருதுநகர் 1923 வரை விருதுபட்டி எனப்பட்டது. இன்றைய விருதுநகர் மாவட்டப் பகுதி 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்ததால், பழைய ஆவணங்கள் சிலவற்றை அப்பெயரில் தேட வேண்டும்.

எழுத்தாளர்களின் பங்கு

இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் (1923-2021) நாட்டுப்புறக் கதைகளையும் கரிசல் வட்டாரச் சொற்களையும் தொகுத்தார். தெலுங்கு பேசும் மக்கள் கரிசலில் குடியேறிய நினைவுகளைக் "கோபல்ல கிராமம்" (1976) புதினத்தில் எழுதினார். மல்லாங்கிணற்றில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன், கரிசல் பகுதி நாதசுரக் கலைஞர்களின் வாழ்வைப் பேசும் "சஞ்சாரம்" புதினத்திற்காக 2018 ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது பெற்றார்.

எனினும் புதினத்தில் ஊரும் ஆட்களும் பெயர் மாறலாம். பல நிகழ்வுகள் ஒன்றாகலாம். எனவே அது ஊரின் நினைவைக் காத்தாலும் வரலாற்றுப் பதிவுக்கு ஈடாகாது.

பதிவு முறை

* சொல்பவரின் இசைவைப் பெற்று, அவரது வயது, தெரு, பதிந்த நாள் ஆகியவற்றைக் குறித்தல்.
* பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றாமல், சொன்னவாறே எழுதுதல்.
* ஒரே நிகழ்வைப் பற்றிய மாறுபட்ட கதைகள் அனைத்தையும் தருதல்.
* ஆவணம், கல்வெட்டு, நடுகல் ஆகியவற்றோடு ஒப்பிடுதல்.

இவற்றுள் மூன்றாவது இன்றியமையாதது. 1899 இல் சிவகாசியில் நிகழ்ந்த சாதிக் கலவரம் போன்ற நிகழ்வுகளை ஒரு தெருவில் மட்டும் கேட்டுப் பதிந்தால், ஒரு தரப்பின் நினைவே ஊரின் வரலாறாக நிலைத்துவிடும். கதைகள் முரண்படும் இடமும் வரலாற்றுச் சான்றே. ஊர் எங்கே பிளவுபட்டிருந்தது என்பதை அது காட்டும்.